கோமாளிப் பாவையின் உடலும் குரலும்: கோலார் தங்கவயலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

பாவைக்கூத்துப் பற்றிய ஆய்வுகள் பாவையைச் செய்யும் முறை, ஆட்டும் முறை, கூத்தின் கதைப்போக்கு, கலைஞர்தம் சமூக வரலாறு ஆகியவற்றையே பெரிதும் விளக்குகின்றன. பாவை எந்த மொழியில், எந்த வழக்கில் பேசுகிறது என்னும் வினா அவற்றுள் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது. கையால் செய்யப்பட்ட பாவைக்கு உடல் ஒரு பாதி, குரல் மறுபாதி. தோலாலோ மரத்தாலோ ஆகிய உடலை அருங்காட்சியகம் காக்கிறது. குரலைக் காக்கும் ஏற்பாடு அரிதாகவே உள்ளது.

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் கூடும் கோலார் தங்கவயல் சூழ்ந்த நிலப்பகுதியை முன்வைத்து, தோற்பாவைக்கூத்தின் கோமாளிப் பாவையைப் பற்றிச் சில செய்திகளைத் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம். பாவையின் அடையாளம் உடலைக் காட்டிலும் பேச்சிலேயே மிகுதியும் தங்கியுள்ளது என்பதும், அப்பேச்சு பதிவு பெறாது போயின் ஒரு வட்டாரத்தின் மொழி வரலாற்றுச் சான்றே அழியும் என்பதும் ஈண்டு நிறுவப்படும் கருத்துகள்.

1. தொலைக்காட்சிப் பாவை தரும் சான்று

தென்னிந்தியப் பாவைகளைப் பொறுத்தவரை உடலையும் குரலையும் தனித்தனியே வைத்து நோக்குதற்குரிய ஆவணங்கள் குறைவு. ஆதலின் ஆவணம் நிறைந்த அயல்நாட்டு நிகழ்வு ஒன்றை முதற்கண் காண்பது பயன்தரும்.

அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் 1947 டிசம்பர் 27 அன்று தொடங்கிய சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தலைமைப் பாத்திரம் ஹௌடி டூடி என்னும் நூற்பாவை. வானொலியில் பாப் சுமித் என்பவர் பேசிய ஒரு குரலே இப்பாத்திரத்தின் தோற்றுவாய். நிகழ்ச்சி தொடங்கிய நாளில் பாவை செய்து முடிக்கப்படவில்லை. எனவே ஹௌடி டூடி நாணத்தால் மேசை இழுப்பறைக்குள் ஒளிந்திருப்பதாகச் சொல்லி, குரலை மட்டும் கேட்கச் செய்தனர். உடல் இன்றியே பாத்திரம் பிறந்துவிட்டது.

பின்னர்ப் பிராங்க் பாரிசு என்னும் பாவைக் கலைஞர் செய்தளித்த பாவை மேடையேறியது. பாவையின் உருவத்தில் பொம்மைகள் செய்து விற்கும் உரிமை குறித்து எழுந்த பிணக்கினால் 1948-இல் அவர் தம் பாவையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். ஹௌடி டூடி குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதாகவும், முகத்தைச் சீர்செய்யும் அறுவைக்கு உட்பட்டிருப்பதாகவும் சிறுவர்களுக்குக் கதை கூறப்பட்டது. அதன்பின் வெல்மா டாசன் என்னும் கலைஞர் செய்த புதிய பாவை வந்தது. முகம் முற்றிலும் வேறு. கன்னங்களில் அந்நாளைய அமெரிக்க மாநிலங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப 48 புள்ளிகள். குரல் பழைய குரலே ஆதலின், பார்த்த சிறுவர்கள் அதனைப் பழைய ஹௌடி டூடியாகவே ஏற்றனர். 1954-இல் சுமித் நோயுற்றபோது ஆலன் சுவிப்ட் என்னும் நடிகர் அதே குரலை ஒத்துப் பேசினார். அப்போதும் பாத்திரம் மாறவில்லை. 1960 வரை நிகழ்ச்சி நடைபெற்றது.

வழக்கு மன்றத்திற்குச் சென்றதோ உடல். நிகழ்ச்சி முடிந்தபின் பாவையைத் தம்மிடம் வைத்துப் பேணிய ரூபசு ரோசு என்னும் ஆட்டுநரின் குடும்பத்திற்கும் டெட்ராய்ட் கலைக்கூடத்திற்கும் இடையே உரிமை வழக்கு நிகழ்ந்து, 2001-இல் கலைக்கூடத்திற்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது.

இவ்வாறே 1955-இல் ஜிம் ஹென்சன் தம் தாயின் பழைய மேலங்கித் துணியையும் மேசைப்பந்தின் இரு பாதிகளையும் கொண்டு செய்த தவளைப் பாவையும் இன்று வாசிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்பாவைகளைப் பொறுத்தவரை ஒலியும் படமும் ஓரளவேனும் எஞ்சியுள்ளமையால் உடலோடு குரலும் கிடைக்கிறது. தென்னிந்தியத் தோற்பாவையின் நிலை வேறு.

2. பாவை, பொம்மை, பொம்மலாட்டம்

தமிழில் 'பாவை' தொன்மையான சொல். திருக்குறள் இருமுறை மரப்பாவையை உவமையாக்குகிறது. நாணம் இல்லாதவரின் இயக்கம் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையின் இயக்கம் போன்றது என்பது 1020-ஆம் குறளின் கருத்து. 'நாண்' என்னும் சொல் நாணத்தையும் கயிற்றையும் ஒருங்கே குறிப்பதால் அவ்வுவமை சிறக்கிறது. இரப்பார் இல்லாத உலகின் இயக்கத்தை மரப்பாவையின் போக்குவரவாகக் காண்பது 1058-ஆம் குறள். நூற்பாவையாட்டம் கேட்போர் அனைவரும் அறிந்த காட்சியாக இருந்தாலன்றி இவ்வுவமைகள் விளங்கா.

'பொம்மை' என்னும் சொல்லுக்குத் தெலுங்கில் 'பொம்ம' எனவும், கன்னடத்தில் 'பொம்பெ', 'கொம்பெ' எனவும் இணை வடிவங்கள் உண்டு. இவற்றினின்று தோன்றிய கூட்டுச்சொற்களே கருதத்தக்கவை. தமிழ்ப் புணர்ச்சி நெறிப்படி பொம்மை என்பதும் ஆட்டம் என்பதும் சேரின் யகர உடம்படுமெய் தோன்றிப் 'பொம்மையாட்டம்' என்றே ஆதல் வேண்டும். கன்னடம் அந்நெறியிலேயே 'கொம்பெயாட்ட' என்கிறது. தமிழில் வழங்குவதோ 'பொம்மலாட்டம்'. இதிலுள்ள லகரத்திற்குத் தமிழில் காரணம் இல்லை. தெலுங்கில் பன்மை 'பொம்மலு'; வேற்றுமை ஏற்கும் வடிவம் 'பொம்மல'. அதனோடு 'ஆட்ட' சேர்ந்து 'பொம்மலாட்ட' ஆகிறது. எனவே தமிழ்ச் சொல் தெலுங்கிலிருந்து முழுச்சொல்லாகவே பெறப்பட்டது எனக் கொள்வதே பொருத்தம். ஒரு லகரம் கலைஞர்தம் வழிநடையைக் காட்டிநிற்கிறது.

தோலால் ஆகிய பாவைகளைத் திரைக்குப் பின்னிருந்து விளக்கொளியில் ஆட்டும் கூத்து தமிழகத்தில் தோற்பாவைக்கூத்து அல்லது தோற்பாவை நிழற்கூத்து எனவும், ஆந்திரத்தில் 'தோலு பொம்மலாட்ட' எனவும், கர்நாடகத்தில் 'தொகலு கொம்பெயாட்ட' எனவும், கேரளத்தில் 'தோல்பாவக்கூத்து' எனவும் பெயர்பெறும்.

3. ஆட்டுவோர் மொழியும் பாவையின் மொழியும்

தமிழகத்தில் தோற்பாவைக்கூத்து நிகழ்த்துவோர் மண்டிகர், கணிகர் எனப்படும் பிரிவினர். அவர்தம் வீட்டுமொழி மராத்தியின் ஒரு வழக்கு. ஆண்கள் பெயரோடு 'ராவ்' என்னும் பின்னொட்டு வழங்கும். தஞ்சையில் 1676 முதல் 1855 வரை நிலவிய மராத்தியர் ஆட்சியோடு அவர்தம் வருகையை ஆய்வாளர் தொடர்புபடுத்துவர். கர்நாடகத்தில் இக்கலைக்குரிய கில்லேக்யாதர் சமூகத்தாரும் வீட்டில் மராத்தி வழக்கொன்றையே பேசுவர். அவர்களைப் பற்றிய குறிப்பு 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் காணப்படுகிறது.

ஆக, அடுப்படியில் ஒரு மொழியும் திரைக்குப் பின்னே மற்றொரு மொழியுமாக இக்கலைஞர் வாழ்ந்துள்ளனர். மராத்தி பேசும் ஒருவர் தமிழ் ஊரில் இராமனைத் தமிழ் பேசவைக்கிறார். அவர்தம் உறவுமுறை போன்ற மற்றொரு குடும்பத்தார் கன்னட ஊரில் அதே இராமனைக் கன்னடம் பேசவைக்கின்றனர். தமிழகக் கூத்தில் பெரும்பாலும் ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டி எல்லாக் குரல்களிலும் பேசுவார். இசைக்குரிய துணையைக் குடும்பத்தார் செய்வர். இராமாயணம் பத்து இரவுகள் வரை நீளும். இத்தனை பாத்திரங்களின் பேச்சும் எழுத்தில் இன்றி நினைவில் நின்றது.

கேரளத்தின் நிலை இதற்கு மறுதலை. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் பகுதிகளின் பகவதி கோயில் கூத்துமாடங்களில் 21 விளக்குகளின் ஒளியில் நிகழும் தோல்பாவக்கூத்தில் மலையாளம் பேசும் புலவர்கள் கம்பராமாயணச் செய்யுட்களைத் தமிழிலேயே ஓதி விளக்கம் கூறுகின்றனர். இருவகையாலும் தெளிவாவது ஒன்று. பாவையின் மொழி ஆட்டுவோரின் பிறப்பு மொழியன்று. மரபும் அவையும் வேண்டும் மொழி.

4. குடுமி வைத்த கோமாளி

தமிழகத் தோற்பாவைக்கூத்தின் நகைச்சுவைப் பாத்திரங்கள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஆவர். முன்னவன் 'உச்சிக்குடுமி' எனவும் வழங்கப்பெறுவான். ஆந்திரக் கூத்தில் கேத்திகாடு, அவன் மனைவி பங்காரக்க, ஜுட்டுப்போலிகாடு ஆகியோர் கோமாளிகள். கர்நாடகத்தில் கில்லேக்யாதனும் அவன் மனைவி பங்காரக்கனும். (கன்னடத்தில் 'அக்க' வேற்றுமை ஏற்குங்கால் 'அக்கன்' என ஆகும், இங்குப் பெண்பாலே குறிக்கப்படுகிறது.)

இப்பெயர்கள் மூன்று செய்திகளை உணர்த்துகின்றன. ஒன்று: தமிழ் உச்சிக்குடுமியும் தெலுங்கு ஜுட்டுப்போலிகாடும் குடுமியாலேயே பெயர்பெற்றவர்கள். தெலுங்கில் 'ஜுட்டு' என்பது குடுமி. 'காடு' என்பது மதிப்பில்லாத ஆண்பால் விகுதி. திரையில் பாவையின் நிழல் தோன்றியவுடன் முதலில் தெரிவது குடுமியாதலின் பெயர் அதனைப் பற்றியது எனலாம்.

இரண்டு: கன்னடத்துக் 'க்யாத'னும் தெலுங்குக் 'கேத்தி'யும் ஒரு பெயரின் இரு வடிவங்களாகத் தோன்றுகின்றன. கன்னடத்தின் பொதுமக்கள் பேச்சில் முதலசை ஏகாரம் 'யா' எனத் திரிவது உண்டு. 'வேண்டாம்' எனப் பொருள்படும் 'பேட' என்பது 'ப்யாட' எனவும், 'மேலெ' என்பது 'ம்யாலெ' எனவும் ஒலிக்கும். எனவே கோமாளியின் பெயரே கற்றோர் வழக்கில் அன்றிப் பொதுமக்கள் வழக்கில் நிலைபெற்றுள்ளது. அப்பெயரே ஒரு சமூகத்தின் பெயராகவும் ஆயிற்று. மக்கள் பாவைக்குப் பெயரிடுவது இயல்பு. பாவை மக்களுக்குப் பெயரிட்டது இங்கு.

மூன்று: 'பங்கார' என்பது பொன். பங்காரக்க என்னும் பெயர் 'பொன்னக்காள்' எனத் தமிழில் பொருள்படும். தெலுங்கு, கன்னடம் ஆகிய இரு கூத்துகளிலும் அவள் பெயர் மாறவில்லை. மொழி எல்லையைப் பெயர் மாறாமலே கடந்தவள் அவள்.

உடலமைப்பிலும் கோமாளி தனித்தவன். பதப்படுத்தி ஒளி ஊடுருவுமாறு செய்த தோலில் உருவை வெட்டி, துளையிட்டு, வண்ணமூட்டி, நடுவே பிளந்த மூங்கிற் குச்சியைப் பொருத்துவர். அரசரும் முனிவரும் பெரிதும் அசையாது நிற்க, ஆடல்மகள், கோமாளி ஆகியோரின் பாவைகளில் மூட்டுகள் மிகுதி.

மூட்டுகள் மிக்க இவ்வுடலுக்கு ஏற்பப் பேச்சும் நெகிழ்ந்தது. தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தம்முள் வேறாகி நிற்கும் இரட்டை வழக்கு நிலை நன்கறியப்பட்டது. கூத்தில் இராமனும் சீதையும் இராவணனும் உயர்வழக்கில் பேசுவர். கோமாளி ஊர்ப்பேச்சில் பேசுவான். வடமொழி நாடகத்து விதூடகன் அந்தணனாயினும் பிராகிருதத்தில் பேசுவதும், சாவக நாட்டு நிழற்கூத்தில் செமார் முதலிய ஏவலர் அவையோரின் பேச்சில் உரையாடுவதும் இதற்கு ஒப்புமைகள். கோமாளி கதைக்குள்ளும் நிற்பான். வெளியே வந்து அவையையும் நோக்குவான். அன்றைய விலைவாசி, ஊர்ப் பெரியவரின் நடை, புதிதாய் வந்த பொறி, காதில் விழுந்த ஆங்கிலச் சொல் அனைத்தும் அவன் வாயில் வரும். இராமன் பேச்சு நேற்றைய இரவிலும் இன்றைய இரவிலும் ஒன்றே. கோமாளியின் பேச்சு ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு மாறும். எனவே ஓர் ஊரின் ஒரு காலத்துப் பேச்சு வழக்கை அறிய விரும்பும் மொழியியலாளருக்கு இராமனைக் காட்டிலும் உச்சிக்குடும்பனே சிறந்த சான்றாளன்.

5. கோலார் தங்கவயல்

இத்தகைய பேச்சுக்கு ஏற்ற நிலம் எது என வினவின், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலைச் சுட்டலாம். கோலார் மாவட்டம் ஒருபுறம் ஆந்திரத்தையும் ஒருபுறம் தமிழகத்தையும் எல்லையாக உடையது. மாவட்டத்தின் ஆட்சிமொழி கன்னடம். தெலுங்கு பேசுவோர் மிகப் பலர். சுரங்க நகரிலோ தமிழ் பெருவழக்கு. கர்நாடகத்தில் தோற்பாவையாட்டம் வழங்கும் மாவட்டங்களுள் கோலாரும் ஒன்று.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் குடியேறினர். அவர்களுள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சார்ந்த தமிழர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்க வல்லுநர், ஆங்கிலோ இந்தியர் முதலியோரும் உடன் வாழ்ந்தனர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவு கம்பிவழி மின்னாற்றல் கொணரப்பட்டது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் வரை சென்றது.

இடப்பெயர்களே இந்நகரின் மொழிக்கலப்பை உரைக்கும். மாரிக்குப்பம் தமிழ்ப்பெயர். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகியன ஆங்கிலேயர் பெயரோடு 'பேட்டை' சேர்ந்தவை. அதனைத் தமிழர் 'பேட்டை' என்பர், கன்னடர் 'பேட்டெ' என்பர். தங்கவயலுக்குக் கிளைப்பாதை பிரியும் தொடர்வண்டிச் சந்திப்பு பௌரிங்பேட்டை என்னும் பெயர் நீங்கிப் பங்காரப்பேட்டை ஆயிற்று. பங்காரக்கனின் பெயரிலுள்ள பொன்னே இவ்வூர்ப் பெயரிலும் உள்ளது. இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு கூறுதல் இயலாது. ஆயினும் எல்லை கடந்து வழங்கும் ஒரு சொல்லின் ஆட்சியை இரண்டும் காட்டும்.

தங்கவயல் தமிழுக்கு எழுத்து மரபும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும், சித்தார்த்த புத்தகசாலை இங்கிருந்து நூல்கள் வெளியிட்டதும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். அவ்வெழுத்துத் தமிழ் நூலகங்களில் எஞ்சியுள்ளது. சுரங்கக் குடியிருப்பு வரிசைகளில் தமிழ்த் தொடரின் நடுவே கன்னட வினையும் தெலுங்குப் பெயரும் ஆங்கிலத் தொழிற்சொல்லும் கலந்து வழங்கிய பேச்சுத் தமிழ் அச்சேறவில்லை. அச்சுத் தமிழ் இராமனின் தமிழ் எனின், வரிசை வீட்டுத் தமிழ் கோமாளியின் தமிழ்.

தொலைக்காட்சி இவ்விடத்தில் தனிப் பொருள் பெறுகிறது. இந்தியாவில் 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொலைக்காட்சி தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றும், பெங்களூர் நிலையம் 1981 நவம்பர் 1 அன்றும் ஒளிபரப்பைத் தொடங்கின. 1956-இன் மாநிலச் சீரமைப்பை ஒட்டி, சென்னை நிலையத்தின் மொழி தமிழ் எனவும் பெங்களூர் நிலையத்தின் மொழி கன்னடம் எனவும் அமைந்தது இயல்பே. ஊர்தோறும் சென்ற கூத்தரோ அவையைப் பார்த்து மொழியைத் தேர்ந்தார். ஒரே இரவில், ஒரே பாவையின் வாயில், முன்வரிசைக்கு ஒரு மொழியும் பின்வரிசைக்கு ஒரு மொழியும் பேசும் நெகிழ்ச்சி அவருக்கு இயலும். ஒலிபரப்புக் கோபுரத்திற்கு அது இயலாது. மாநிலத்தின் நடுவில் வாழ்வோர்க்கு இது குறையன்று. எல்லையில் வாழும் குழந்தைக்கோ, தன் வீட்டில் கேட்கும் கலப்புப் பேச்சைப் பேசும் பாவை திரையில் இல்லை. 2006-இல் இந்தியில் தொடங்கிய 'கலி கலி சிம் சிம்' போன்ற நிகழ்ச்சிகள் அயல்நாட்டுப் பாவை மரபை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றின. அவையும் செம்மை செய்யப்பட்ட ஒரு மொழியிலேயே பேசின.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. தொழிலை இழந்தோருள் பலர் பெங்களூருக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் சென்று வேலை பார்ப்போராயினர். பலர் ஊரை விட்டே பெயர்ந்தனர். ஹௌடி டூடியின் மரவுடல் எவர்க்கு உரியது என அமெரிக்க மன்றம் தீர்ப்புரைத்ததும் அதே ஆண்டில்தான். இங்கே ஒரு நகரின் பேச்சு கலையத் தொடங்கியது. அதற்கு உரிமை கோரி வழக்காடுவார் எவரும் இலர்.

6. முடிவுரை

பழுதுற்ற பாவையை ஆற்றில் விடும் வழக்கம் கூத்தர் குழுக்கள் சிலவற்றில் உண்டு. உடல் அழிந்தாலும் தந்தையின் குரலை மகன் ஏற்றுப் புதிய தோலுக்கு அளிப்பான் என்னும் உறுதியே அவ்வழக்கத்தின் அடிப்படை எனலாம். இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. எம்.எஸ். நஞ்சுண்டராவ் அரிதின் முயன்று திரட்டிய கர்நாடகத் தோற்பாவைகள் பெங்களூரில் கர்நாடக சித்திரகலா பரிஷத்தில் பேணப்படுகின்றன. தோலைக் காக்க வழி பிறந்துள்ளது. குரலை ஏற்க மகன் இல்லை.

எனவே மூன்று பணிகள் உடனடியாகச் செய்யத்தக்கவை. முதலாவது, அருங்காட்சியகம் ஒரு பாவையைப் பெறும்போது அதனை ஆட்டியவரின் பேச்சையும் ஒலிப்பதிவு செய்து பாவையோடு ஒரே பதிவெண்ணில் வைத்தல் வேண்டும். இரண்டாவது, அப்பதிவை எழுத்துப்பெயர்க்குங்கால் கோமாளியின் பேச்சைத் திருத்தாமல், கலப்புச் சொற்களை நீக்காமல், கேட்டவாறே ஒலியன் குறியீட்டில் தருதல் வேண்டும். கதைப்பகுதியை மட்டும் எழுதிக்கொண்டு நகைச்சுவைப் பகுதியை விட்டுவிடும் போக்கு மொழியியல் நோக்கில் பேரிழப்பு. மூன்றாவது, கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளில் வளர்ந்தோரின் பேச்சை வட்டார வழக்காய்வின் பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். சுரங்கம் மூடப்பட்டபோது முப்பது வயதினராய் இருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர்.

பாவையின் உடல் இழுப்பறைக்குள் இருந்தபோதும் குரலைக் கேட்டுக் குழந்தைகள் அதனை அறிந்துகொண்டனர் என்பதை மேலே கண்டோம். கண்ணாடிப் பேழைக்குள் உடல் மட்டும் இருக்க, குரல் எங்கும் கேளாத உச்சிக்குடும்பனை எதிர்காலக் குழந்தை எவ்வாறு அறியும் என்பதே மொழி நிறுவனங்களின் முன் நிற்கும் வினா.